குழாய்த் தண்ணீர் மாதிரி மலிவாகக் கொடு என்ற மட்சுஷிடா, மலிவாக விற்றவரோடு ஏன் முப்பது வருஷம் மல்லுக்கட்டினார்?

மின்பொறி (இழையைத் தொடங்கியவர்)

பானாசோனிக் நிறுவனர் கோனோசுகே மட்சுஷிடாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது, சாக்கெட் செய்தார், கோடீஸ்வரர் ஆனார், எல்லோருக்கும் மலிவாகப் பொருள் கொடுத்தார், சுபம். அதில் ஓர் இடம் எனக்கு இடிக்கிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. 1894ல் வாகாயாமா பகுதியில் ஒரு கிராமத்தில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். நிலபுலன் உள்ள குடும்பம்தான். அப்பா அரிசிச் சந்தையில் சூதாட்டம் மாதிரி யூக வியாபாரத்தில் இறங்கி எல்லாவற்றையும் தொலைத்தார். டவுனுக்கு வந்து போட்ட மரச்செருப்புக் கடையும் படுத்துவிட்டது. 1904ல், நாலாம் வகுப்பைக்கூட முடிக்காத பையனை ஒசாகாவுக்கு எடுபிடி வேலைக்கு அனுப்பினார்கள். முதலில் ஒரு கணப்புச்சட்டிக் கடை, அப்புறம் சைக்கிள் கடை. ஊருக்குள் மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்து, இனி மின்சாரத்துக்குத்தான் காலம் என்று 1910ல் ஒசாகா மின்விளக்கு நிறுவனத்தில் ஒயரிங் உதவியாளாகச் சேர்ந்தார். 1917ல் வேலையை விட்டார். மனைவி முமெனோ, மச்சான் தோஷியோ இயுவே, கூட வேலை பார்த்த இரண்டு பேர். இவர்களோடு வாடகை வீட்டில் சாக்கெட் தயாரிப்பு. 1918 மார்ச்சில் முறையாகக் கம்பெனி.

இனி இடிக்கிற இடத்துக்கு வருகிறேன். 1932 மே 5 அன்று ஊழியர்களைக் கூட்டி வைத்து ஒரு பேச்சு. குழாய்த் தண்ணீருக்கும் விலை உண்டு. ஆனாலும் வழிப்போக்கன் ஒருவன் குழாயைத் திறந்து குடித்தால் யாரும் அவனைத் திருடன் என்று பிடிப்பதில்லை, ஏனென்றால் தண்ணீர் அவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது. எல்லாப் பொருளையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் உற்பத்தியாளன் வேலை என்றார். அதற்கு 250 வருஷத் திட்டமும் போட்டார்.

சரி. அதே ஆள் 1964ல், டையேய் என்ற பேரங்காடி தன் கம்பெனிப் பொருட்களை 20 சதவீதம் தள்ளுபடியில் விற்றது என்பதற்காகச் சரக்கு அனுப்புவதையே நிறுத்தினார். பகை தீர்ந்தது 1994ல். மனிதர் 1989லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்! மலிவுதான் லட்சியம் என்றால் மலிவாக விற்றவர் மேல் என்ன கோபம்? விளக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு

நல்ல கேள்வி, ஆனால் கேள்வியிலேயே ஒரு குழப்பம். அவர் சொன்ன மலிவு ஆலையில் நடக்கவேண்டிய மலிவு, கடையில் நடப்பது இல்லை.

1927ல் மின்சார இஸ்திரிப் பெட்டி செய்த கதையைப் பாருங்கள். அப்போது ஜப்பான் முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் பெட்டி விற்றால் பெரிது. விலை நாலைந்து யென். தொழில்நுட்பத்தைத் தலையில் போட்டுக்கொண்டவர் நகாவோ என்ற இளைஞர், இஸ்திரிப் பெட்டியில் முன்அனுபவம் கிடையாது. மட்சுஷிடா அவரிடம் வைத்த கணக்கு: விலை 3 யென் 20 சென், மாசம் 10,000 உற்பத்தி. அதாவது நாட்டின் மொத்தச் சந்தையைவிட அதிகமாக ஒரே கம்பெனி செய்வது! சந்தையைப் பார்த்து உற்பத்தியை முடிவு செய்யவில்லை. இந்த விலைக்கு வந்தால் சந்தை தானாகப் பெருகும் என்று உற்பத்தியை முடிவு செய்தார். குழாய்த் தண்ணீர் என்றால் இதுதான். பேச்சு 1932ல் வந்தது, செயல் அஞ்சு வருஷம் முன்னாடியே வந்துவிட்டது.

கடைக்காரன் தன் லாபத்தை வெட்டித் தள்ளுபடி கொடுப்பதில் உற்பத்திச் செலவு ஒரு பைசா குறையாது. அது வேறு கணக்கு.

கடைக்காரர்_மதுரை

வரவுசெலவு சாருக்கு ஒரு சலாம். நான் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன், அதனால் என் கட்சி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

மட்சுஷிடாவை வளர்த்தது தத்துவம் இல்லை, தெருமுனைக் கடைக்காரன். 1923ல் சைக்கிளுக்கு பேட்டரி விளக்கு செய்தார். தோட்டா வடிவம். அதுவரை சைக்கிள்காரர்கள் மெழுகுவத்தியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், காற்றடித்தால் அணைந்துவிடும். பேட்டரி விளக்கும் இருந்தது, இரண்டு மூன்று மணி நேரத்தில் செத்துவிடும். இவருடையது முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஆனால் மொத்த வியாபாரிகள் ஒருவரும் நம்பவில்லை. பேட்டரி விளக்கு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழைய அனுபவம் அப்படி.

என்ன செய்தார்? ஒசாகா முழுக்கச் சில்லறைக் கடைகளுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொரு கடையிலும் விளக்குகளை வைத்து, ஒன்றை அங்கேயே எரியவிட்டு வரச் சொன்னார். எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நீங்களே பாருங்கள், சொன்னபடி எரிந்தால் மற்றதை விற்றுக் காசு கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்கவேண்டாம். கையில் இருந்த முதலை எல்லாம் சரக்காகக் கடைகளில் எரியவிட்டிருக்கிறார் மனுஷர். கடைக்காரன் தன் கண்ணால் பார்த்தான், விற்றான், திரும்ப ஆர்டர் கொடுத்தான். அதுவரை முகம் திருப்பிய மொத்த வியாபாரிகள் அப்புறம் தேடி வந்தார்கள்.

1927ல் சதுர விளக்குக்கு நேஷனல் என்று பேர் வைத்தபோது 10,000 விளக்கை இலவசமாகவே கொடுத்தார். அதற்கான பேட்டரியையும் சும்மா வாங்கினார், பேட்டரிக்காரரிடம் இந்த வருஷத்துக்குள் இரண்டு லட்சம் பேட்டரி விற்றுத் தருகிறேன், அதற்காகப் பத்தாயிரம் சும்மா கொடு என்று பேரம் பேசி. சொன்னதைவிட அதிகமாகவே விற்றார்.

அப்படித் தன்னை நம்பிய கடைக்காரனுக்கு நாலு காசு நிற்கவேண்டும் என்று நினைத்தது குற்றமா?

தொழிற்சங்கன்

கடைக்காரரைப் பற்றி அண்ணாச்சி பேசிவிட்டார், தொழிலாளியைப் பற்றி நான் பேசுகிறேன்.

1929 கடைசியில் பெருமந்தம். விற்பனை பாதியாகிவிட்டது, கிடங்கில் சரக்கு நிரம்பி வழிகிறது. மட்சுஷிடா உடம்பு முடியாமல் படுக்கையில் கிடக்கிறார். ஆட்களில் பாதியை அனுப்பிவிடலாம் என்று நிர்வாகிகள் யோசனையோடு வருகிறார்கள். அவர் சொன்னது: உற்பத்தியை இன்றே பாதியாக்கு, எல்லோருக்கும் அரை நாள் வேலை, சம்பளம் முழுசு, ஒருத்தரையும் நிறுத்தாதே. ஆனால் ஞாயிறு, திருநாள் பார்க்காமல் எல்லோரும் சரக்கு விற்கப் போகவேண்டும். இரண்டு மாசத்தில் கிடங்கு காலி.

இது உண்மை, நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி 1950ஐ மறைப்பது நியாயமில்லை. போர் முடிந்து அமெரிக்க ராணுவ நிர்வாகம் கம்பெனியின் கையைக் கட்டிப் போட்டிருந்த காலம். 1949ல் ஜப்பானிலேயே பெரிய வரிப் பாக்கிக்காரர் என்று பத்திரிகைகளில் பேர் வந்தது. 1950ல் 500 பேருக்கு மேல் வெளியே போனார்கள். விருப்ப ஓய்வு என்று பேர். கொஞ்ச நாளில் கொரியப் போர் ஆர்டர்கள் வந்து கம்பெனி நிமிர்ந்துவிட்டது. போனவர்கள் போனவர்கள்தான்.

இதில் இன்னொரு முரண். 1946ல் அவரைப் பதவியிலிருந்து நீக்க அமெரிக்கர்கள் முயன்றபோது, அவரை விட்டுவிடுங்கள் என்று மனுக் கொடுத்தது தொழிற்சங்கம்! பதினஞ்சாயிரம் பேர் கையெழுத்து. மற்ற கம்பெனிகளில் முதலாளியைத் தூக்கு என்று சங்கம் கோஷம் போட்ட நேரம் அது. சங்கத்தின் தொடக்கக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே போய் மேடையேறி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தவர் அவர். ஆளைப் புரிந்துகொள்ள எனக்கு அது போதும். ரொம்ப கெட்டிக்காரர்.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். அந்த 1932 பேச்சுக்கு ஏதோ கோயில் தொடர்பு உண்டு என்று படித்தேன். ஆன்மிகவாதியா அவர்?

மின்பொறி

தம்பி, கோயில் என்றால் டென்ரிக்யோ என்ற சமயப் பிரிவின் தலைமையிடம். 1932ல் தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போனார். அங்கே சம்பளமில்லாமல் ஆட்கள் உற்சாகமாகக் கட்டட வேலை செய்வதையும், அவர்களுடைய மர அறுவை ஆலையையும் பார்த்துவிட்டு யோசித்திருக்கிறார். இவர்கள் மனசுக்கு நிம்மதி தருகிறார்கள், நாம் வாழ்க்கைக்குத் தேவையான பொருளைத் தருகிறோம், அப்படியிருக்க நம் ஆலையில் ஏன் அந்த உற்சாகம் இல்லை? சேரவில்லை, யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தினம் காலைக் கூட்டம், கொள்கை வாசிப்பு எல்லாம் 1933ல் இருந்து.

ஒசாகாவாசி

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். ஒசாகாவை ஒட்டிய கடோமாவில் பானாசோனிக் அருங்காட்சியகம் இருக்கிறது, கெய்ஹான் ரயிலில் நிஷிசான்சோ நிலையத்தில் இறங்கி நடக்கவேண்டும். 1933 காலத்துத் தலைமையகத்தைப் போலவே கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வருபவர்கள் தவறவிடவேண்டாம்.

அங்கே போய்வந்தபின் எனக்குப் பிடித்துப்போனது அந்த ஆரம்பகால சாக்கெட்டுதான். அதன் உடம்பை வார்க்க ஒரு காப்புக் கலவை வேண்டும். நிலக்கீல், கல்நார், கல்மாவு எல்லாம் சேர்த்துச் சூடாக்கிப் பிசைவது. ஐந்து பேரில் ஒருவருக்கும் சேர்மானம் தெரியாது. வேறு ஆலைகளின் வாசலில் கிடந்த கழிவுக் கட்டிகளைப் பொறுக்கி வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசியில் பழைய சகா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் செய்த சாக்கெட்டும் விற்கவில்லை. முமெனோ தன் கிமோனோக்களை அடகு வைத்தார். கூட இருந்த இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். வருஷக் கடைசியில் மின்விசிறிக்கான காப்புத் தட்டு ஆயிரம் வேண்டும் என்று வேறு ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. அதற்குக் கை கொடுத்தது அதே கலவை.

சரி, டையேய் விஷயம். நீங்கள் யாரும் நுகர்வோர் பக்கம் பேசவில்லையே. 1970ல் கலர் டிவி வாங்கும் ஜப்பானியப் பெண்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதே டிவி அமெரிக்காவில் ரொம்ப மலிவு. உள்ளூரில் அச்சடித்த விலை ஒன்று, கடையில் விற்கும் விலை வேறு. பெண்கள் அமைப்புகள் சேர்ந்து கலர் டிவி வாங்காதீர்கள் என்றன, அப்புறம் மட்சுஷிடா பொருள் எதையும் வாங்காதீர்கள் என்றன. கடை விலையைக் கம்பெனியே கட்டுப்படுத்துகிறது என்ற வழக்கு நியாய வர்த்தக ஆணையத்தில் 1967லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. 1971ல் கம்பெனி பணிந்தது, விலையும் இறங்கியது. டையேய் அதற்குள் 13 அங்குல கலர் டிவியைத் தன் சொந்தப் பெயரில் 59,800 யென்னுக்கு விற்று வேடிக்கை காட்டியது. குழாயைத் திறந்தது யார் என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்.

மின்பொறி

ஒசாகாவாசி சொன்னதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1936ல் நேஷனல் மின்பல்பு வந்தது. அப்போது சந்தையை ஆண்டது மஸ்டா பல்பு. வியாபாரிகள், நீங்கள் புதுசு, தரமும் இன்னும் அந்த அளவு இல்லை, அதனால் விலையைக் குறையுங்கள் என்றார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? மஸ்டா விலைக்கே விற்றுக் கொடுங்கள். சுமோ மல்யுத்தத்தில் ஒரே ஒரு யோகொசுனா (உச்சப் பட்டம் பெற்ற மல்லர்) இருந்தால் ஆட்டம் சுவைக்காது, என்னையும் ஒரு யோகொசுனாவாக வளர்த்துவிடுங்கள்!

1932ல் குழாய்த் தண்ணீர். நாலே வருஷத்தில், இரண்டாம் தரப் பல்புக்கு முதல் தர விலை.

கடைக்காரர்_மதுரை

மின்பொறி தம்பி, பல்புக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதி 1964ல் இருக்கிறது.

அந்த வருஷம் ஜூலையில் அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊரில், ஒரு ஹோட்டலில், நாடு முழுக்க இருந்த தன் விற்பனை நிறுவன, ஏஜென்சி முதலாளிகளைக் கூட்டினார். டிவி, ஃபிரிட்ஜ் அலை ஓய்ந்து சந்தை மந்தமான நேரம். நூற்றெழுபது நிறுவனங்களில் லாபத்தில் இருந்தவை இருபது சொச்சம். தலைவர் பதவியை விட்டுச் சேர்மனாக ஒதுங்கியிருந்தவர், வயசு 69. மேடையில் நின்று ஒவ்வொருவர் குறையையும் கேட்டார். கம்பெனி சரக்கைத் தலையில் கட்டுகிறது, பொருளில் சரக்கில்லை, உங்கள் ஆட்கள் அதிகாரிகள் மாதிரி நடக்கிறார்கள். சரமாரி. இவரும் சும்மா இல்லை. நஷ்டத்தைச் சொல்லி முறையிட்ட ஒருவரிடம், ரத்தமாக மூத்திரம் போகிற அளவுக்கு நீங்கள் பாடுபட்டது உண்டா என்று கேட்டிருக்கிறார். டீலர் மீட்டிங்கில் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்!

இரண்டு நாள் கூட்டம் மூன்றாம் நாளுக்கு நீண்டது. அன்றைக்கு ஆள் மாறிவிட்டார். அந்தப் பல்புக் கதையைத் தானே எடுத்துச் சொன்னார். அன்று என் சுமாரான பல்பை அந்த விலைக்கு நீங்கள் விற்றுக் கொடுத்ததால்தான் இன்று இந்தக் கம்பெனி இருக்கிறது, அதை மறந்துவிட்டோம், தப்பு எங்கள்மேல்தான் என்று சொல்லும்போது அழுதுவிட்டார். கேட்டவர்களில் பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள்.

அழுதுவிட்டுப் போயிருந்தால் நடிப்பு என்று நானே சொல்வேன். திரும்பிப் போய் விற்பனைப் பிரிவின் பொறுப்பைத் தானே எடுத்து உட்கார்ந்தார். ஒருவர் வட்டாரத்தில் இன்னொருவர் நுழைந்து காலை வாராதபடி பகுதி பிரித்தார். புது முறையை முதலில் எதிர்த்த விற்பனையாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். சேர்மன் செய்கிற வேலையா இது?

இப்போது அதே வருஷம் டையேய் வந்து 20 சதவீதம் தள்ளுபடி என்றால், அடாமியில் வாக்குக் கொடுத்த மனுஷர் என்ன செய்வார்? அந்தக் கோபம் மலிவின்மேல் இல்லை.

வரவுசெலவு

இரண்டையும் ஒரே ஆண்டில் பொருத்திக் காட்டினீர்களே, அண்ணே, அது பலமான வாதம்.

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். மட்சுஷிடாவை ஞானி என்று பார்த்தால் முரண்பாடாகத் தெரியும். பேரம் பேசுபவர் என்று பார்த்தால் எல்லாம் சரியாக உட்காரும். 1952 ஃபிலிப்ஸ் ஒப்பந்தம் ஒன்றே போதும். தொழில்நுட்பக் கட்டணம் விற்பனையில் 7 சதவீதம் என்றது ஃபிலிப்ஸ். போரில் தோற்ற நாட்டுக் கம்பெனி, கைநீட்டி வாங்கும் இடத்தில் நிற்கிறது. இவர் சொன்னது: உங்கள் தொழில்நுட்பத்துக்கு விலை உண்டு என்றால் எங்கள் நிர்வாகத் திறமைக்கும் விலை உண்டு, கூட்டு நிறுவனத்தை நடத்தப்போவது நாங்கள்தானே. கடைசியில் ஃபிலிப்ஸுக்கு 4.5 சதவீதம், மட்சுஷிடாவுக்கு நிர்வாக வழிகாட்டுதலுக்காக 3 சதவீதம்! நிர்வாகத்துக்குக் கட்டணம் கேட்பதா என்று ஃபிலிப்ஸ்காரர்கள் மலைத்துப் போனார்கள்.

1933ல் கம்பெனியை ரேடியோ, விளக்கு-பேட்டரி, ஒயரிங் பொருட்கள் என்று தனித்தனிப் பிரிவாக்கி, ஒவ்வொன்றும் தன் லாப நஷ்டத்துக்குத் தானே பொறுப்பு என்று விட்டதும் இந்த ரகம்தான். இளவயசிலிருந்தே நுரையீரல் கோளாறு, அடிக்கடி படுக்கை. எல்லாவற்றையும் நேரில் பார்க்க முடியாதவர் வேறு எப்படி நடத்துவார்? அந்தப் பிரிவு முறையை 2001 வாக்கில் அப்போதைய தலைவர் குனியோ நகமுரா கலைத்தார். 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 77,000 கோடி யென் அளவுக்கு நஷ்டம், அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே. 2013ல் அப்போதைய தலைவர் கசுஹிரோ சுகா திரும்பப் பிரிவு முறையைக் கொண்டுவந்தார். நஷ்டத்துக்கு பிளாஸ்மா டிவி முதலீடு பெரிய காரணம், பிரிவைக் கலைத்தது மட்டுமே என்று யாரும் கிளம்பவேண்டாம்.

புதுவரவு

அந்த 'அணை' கதையும் இவருடையதுதானே? கியோசெரா கம்பெனி நிறுவனர் இனமோரி கேட்டது?

வரவுசெலவு

ஆமாம். நல்ல காலத்தில் அணைபோல் பணம், ஆள், சரக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் தேக்கி வை என்று 1965ல் ஒரு கூட்டத்தில் பேசினார். கேட்டவர்களில் ஒருவர், தேக்கத்தான் ஆசை, எப்படித் தேக்குவது, அதைச் சொல்லுங்கள் என்றார். இவர், முதலில் தேக்கவேண்டும் என்று நினைக்கவேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர் கசுவோ இனமோரி, அதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ கேள்வி கேட்டவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தொழிற்சங்கன்

நான் சிரித்தவர்கள் கட்சி.

மச்சான் இயுவேயை மறந்துவிட்டோமே. போருக்குப் பின் வெளியேறி சான்யோவைத் தொடங்கினார். கையில் இருந்தது சைக்கிள் டைனமோ விளக்கு, அதற்கு நேஷனல் பெயரைப் போட்டுக்கொள்ள மட்சுஷிடா அனுமதித்தார். அறுபது வருஷம் கழித்து அதே சான்யோவைப் பானாசோனிக் விழுங்கியது. அதன் பிறகு எத்தனை பேர் வேலை போயிற்று என்று யாரும் ஊக்கக் கதை எழுதுவதில்லை.

ஒசாகாவாசி

டையேய் கதையில் ஒரு காட்சி பாக்கி. 1975ல் மட்சுஷிடா, டையேய் நிறுவனர் இசாவோ நகவுச்சியைக் கியோட்டோவில் உள்ள தன் தோட்ட வீட்டுக்கு அழைத்தார். தேநீர் கொடுத்தார். பலத்தால் வெல்லும் வழியை விட்டுவிட்டு அறத்தால் ஆளும் வழிக்கு வரக்கூடாதா என்று கேட்டார். நகவுச்சி மசியவில்லை. விலையைப் போடவேண்டியது விற்பவன், செய்பவன் இல்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேருமே ஏழ்மையை அனுபவித்தவர்கள். ஒருவர் அரிசிச் சந்தையில் குடும்பம் அழிந்ததைப் பார்த்தவர், மற்றவர் பிலிப்பைன்ஸ் போர்முனையில் பட்டினி கிடந்தவர். பொருள் நிறைய வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை.

சண்டை இன்னும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. 2020 முதல் பானாசோனிக் ஜப்பானில் சில பொருட்களுக்குத் தானே விலை நிர்ணயிக்கிறது, கடைக்காரர் அதில் தள்ளுபடி கொடுக்க முடியாது. சட்டம் எப்படி விடுகிறது என்றால், விற்காத சரக்கைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்கிறது. நஷ்டம் அவர்களுடையது, அதனால் விலையும் அவர்களுடையது.

மின்பொறி

இது எனக்குப் புதுசு. ஆனாலும் 1964ல் சரக்கு நஷ்டம் டையேய் தலையில், விலை அதிகாரம் மட்டும் மட்சுஷிடா கையில். அந்த இடத்தில் நகவுச்சி சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். அடாமி வாக்கு அடாமிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது. அதைக் காப்பாற்றும் செலவை டிவி வாங்கியவர்கள் ஏன் கொடுக்கவேண்டும்?

கடைக்காரர்_மதுரை

வாங்கியவர்கள் வீட்டுக்கு மாடியேறிப் போய் ஆன்டெனா கட்டி, பழுதானால் ராத்திரி எட்டு மணிக்கு வந்து பார்த்தது டையேய் இல்லையே, தம்பி. அந்தத் தெருமுனைக் கடைக்காரன் கூலி எந்த விலையில் சேரும்?

விற்காததை எடுத்துக்கொள்கிறார்களா? இங்கே போன சீசனில் ஒரு கம்பெனி தலையில் கட்டிய ஃபேன் இன்னும் மாடியில் இருக்கிறது. அந்த ஜப்பான் முறையில் ரிட்டனுக்கு லாரி வாடகை யார் கொடுக்கிறார்கள், ஒசாகாவாசி, அதைக் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.